டிராகுலாவை வீழ்த்தியது யார்? சுல்தான் படையா, சொந்தத் தம்பியா?

டிராகுலான்னு சொன்னாலே ரத்தம் குடிக்கிற பேய்தான் ஞாபகத்துக்கு வரும். 1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவல் பண்ணின வேலை அது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு மன்னர் நிஜமாகவே இருந்தார். இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வாலாக்கியாவை ஆண்ட மூன்றாம் விளாட்.

அப்பா, டிராகன் பெயரிலான வீரர் அமைப்பில் சேர்ந்ததால் 'டிராகுல்' ஆனார். டிராகுலின் மகன் டிராகுலா. அவ்வளவுதான் விஷயம்.

வாலாக்கியாவுக்குத் தெற்கே ஒட்டோமான் பேரரசு, வடக்கே ஹங்கேரி. நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன நாடு. அப்பா கட்சி மாறாமல் இருக்க, 1442 வாக்கில் விளாடையும் தம்பி ராடுவையும் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டார் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் முராத். சிறுவர்கள் இருவரும் வளர்ந்தது அங்கேதான்.

1447-ல் ஹங்கேரி தளபதி ஹுன்யாதி வாலாக்கியா மீது படையெடுக்க, அப்பா கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே விளாட் அரியணை ஏறினார். யார் துணையோடு? ஒட்டோமான்கள் துணையோடு! அந்தப் பதவி இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. 1456-ல் மறுபடி வந்தபோது கை கொடுத்தது ஹங்கேரி.

அதன்பிறகுதான் சுல்தானுக்குக் கப்பம் கட்ட மறுத்தார். 1461-62 குளிர்காலத்தில் டான்யூப் ஆற்றைத் தாண்டி ஊர் ஊராக எரித்தார். 23 ஆயிரத்துக்கும் அதிகமானோரைக் கொன்றதாக ஹங்கேரி மன்னருக்கு அவரே கணக்கு எழுதி அனுப்பினார்.

1453-ல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நேரிலேயே கிளம்பி வந்தார். 1462 ஜூன் 17 ராத்திரி, அவரைத் தீர்த்துக்கட்ட முகாமுக்குள்ளேயே புகுந்தார் விளாட். சுல்தான் தப்பிவிட்டார். தலைநகர் டர்கோவிஷ்டே பக்கம் போன படை கண்டது கழுமரக் காடு. கழுவேற்றப்பட்டவர்கள் 20 ஆயிரம் பேர் என்கிறார் அக்கால கிரேக்க வரலாற்றாசிரியர் சால்கோகொண்டிலஸ். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

சுல்தான் திரும்பிப் போனார். ஆனால் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போனார்: தம்பி ராடு.

அண்ணனின் கொடூரத்தில் வெறுத்துப்போயிருந்த வாலாக்கியா பிரபுக்கள், ஒட்டோமான்களோடு சமாதானமாகப் போகலாம் என்ற ராடு பக்கம் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். சில மாதங்களில் விளாடின் நாடு கையைவிட்டுப் போனது.

உதவி கேட்டு அவர் போனது ஹங்கேரி மன்னர் மத்தியாஸிடம். அந்த ஹுன்யாதியின் மகன்தான் இவர்! சுல்தானுக்கு விளாட் ரகசியக் கடிதம் எழுதினார் எனச் சொல்லி, மத்தியாஸ் அவரையே கைது செய்தார். கடிதம் போலி என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து.

பத்து வருஷத்துக்கும் மேல் காவலில் இருந்த விளாட், 1476 கடைசியில் மூன்றாம் முறையாக ஆட்சியைப் பிடித்தார். சில வாரங்களிலேயே சண்டையில் கொல்லப்பட்டார். வெட்டிய தலை கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போனது. தம்பி ராடு அதற்கு முன்பே, 1475-ல் இறந்திருந்தார்.