பெரியாழ்வார் வளர்த்த தோட்டம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும்போதெல்லாம், ஆண்டாள் கோயில் நந்தவனத்தில் சிறிது நேரம் நிற்பது என் வழக்கம். ஐரோப்பிய அரண்மனைத் தோட்டங்களைப் பற்றி அண்மையில் படித்த பின்னர், அந்த நந்தவனத்தை அமைத்த பெரியாழ்வாரின் வாழ்க்கை எனக்குப் புதிதாய்ப் புலப்பட்டது.

விஷ்ணுசித்தர் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், ஆனி மாதச் சுவாதியில் பிறந்தவர். வடபத்ரசாயிப் பெருமாளுக்கு நாள்தோறும் பூமாலை சாத்துவதையே தம் வாழ்நாள் பணியாகத் தேர்ந்து, அதற்கென நந்தவனம் அமைத்தார். பாண்டியன் வல்லபதேவன் அவையில் பரம்பொருளை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றார் என்றும், யானைமீது மதுரை வீதியில் வலம் வருகையில் காட்சி தந்த இறைவனுக்கே கண்ணூறு படுமோ என அஞ்சித் திருப்பல்லாண்டு பாடினார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அத்தனை புகழுக்குப் பின்னரும் அவர் அரசவையை நாடவில்லை. ஊர் திரும்பிப் பூப்பணியையே தொடர்ந்தார். துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த பெண்மகவைக் கோதை என வளர்த்தார். அவள் சூடிக் களைந்த மாலையைக் கண்டு மனம் நொந்தார். அம்மாலையையே இறைவன் விரும்பியதறிந்து நெகிழ்ந்தார். இறுதியில் திருவரங்கனுக்கு அவளையே அளித்தார்.

பிரான்சின் வெர்சாய் தோட்டத்தை வடிவமைத்த லெ நோத்ர் என்பவரும் தோட்டக்காரர் மரபினரே. பதினான்காம் லூயி மன்னனுக்காக 1661-ஆம் ஆண்டளவில் தொடங்கிய பணியில், நேர்கோட்டுப் பாதைகளையும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கால்வாயையும் அமைத்தார். ஆயினும் நீரூற்றுகளுக்கு நீர் போதவில்லை. மன்னர் நெருங்கும் ஊற்றை மட்டும் திறந்துவிடுவார்களாம். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிளெனிம் அரண்மனையில் பிரௌன், நேர்கோடுகளை விலக்கி, ஆற்றைத் தேக்கி ஏரியாக்கி, இயற்கை போலவே தோன்றச் செய்தார். வடிவம் வேறாயினும் இரண்டும் உடையவர் கண்டு மகிழ்வதற்காக எழுந்தவை.

நந்தவனமோ பறிப்பதற்கென்றே வளர்க்கப்படுவது. அதன் அழகு விடியலில் மாலையாகி வெளியேறிவிடும். மறுநாளைக்கு மீண்டும் நீர் வார்க்க வேண்டும். இன்றும் ஆண்டாள் சூடிய மாலை சித்திரையில் மதுரை அழகருக்கும், புரட்டாசியில் திருமலைக்கும் செல்கிறது.

வெர்சாய் தோட்டத்தைப் பிரான்சு பேணிக் காக்கிறது. நம் ஊர்களிலோ பல கோயில்களின் நந்தவனங்கள் முட்புதராகிக் கிடக்க, பூ சந்தையிலிருந்து வருகிறது. ஒரு கிணறு, சில நந்தியாவட்டை, அரளி, துளசிச் செடிகள், நாள் தவறாமல் நீர் வார்க்க ஒருவர் இருந்தால் போதும். பெரியாழ்வாரின் பாசுரங்களைப் போற்றும் நாம், அவர் கையால் செய்த பணியையும் மீட்டெடுக்க வேண்டும்.