நீரை வென்ற நங்கை

நீந்துதல் ஒரு கலை. உயரத்தினின்று நீரிற் பாய்தல் அதனினும் அரிய கலை. பத்து மீட்டர் உயரமுள்ள மேடையிலிருந்து பாய்பவர், இரண்டு நொடிக்குள் நீரை அடைந்துவிடுவர். அதற்குள் உடலைச் சுருட்டிக் கரணமிட்டு, மீண்டும் நிமிர்ந்து, அம்புபோல் நீரினுள் புகுதல் வேண்டும். நெஞ்சுரம் மிக்கவர்க்கே கைகூடும் இக்கலையில் புகழ் பெற்றவர் ஜார்ஜியா கோல்மன் அம்மையார்.

இவர் 1912ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஐடஹோ மாநிலத்தில் பிறந்தார். கடினமான விளையாட்டுகள் பெண்களுக்கு ஏற்றவையல்ல என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியிருந்த காலம் அது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. பாய்தற்பயிற்சி தொடங்கிச் சில திங்களே ஆகியிருந்த நிலையில், பதினாறு வயதுச் சிறுமியாக இவர் அங்குச் சென்றார். உயர்மேடைப் போட்டியில் வெள்ளிப் பதக்கமும், துள்ளுபலகைப் போட்டியில் வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

கிடைத்த பெருமையில் மயங்கி இவர் ஓய்ந்துவிடவில்லை, இடைவிடாது பயின்றார். முன்னோக்கி இரண்டரைக் கரணமிட்டு நீரிற் பாயும் அருஞ்செயலைப் போட்டியில் முதன்முதலாக நிகழ்த்திய பெண்மணி இவரே. 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், துள்ளுபலகைப் போட்டியில் தங்கப் பதக்கம் இவரைச் சேர்ந்தது. உயர்மேடைப் போட்டியில் மீண்டும் வெள்ளி கிடைத்தது. இருபது வயதிலேயே நான்கு ஒலிம்பிக் பதக்கங்களுக்கு உரியவரானார்.

ஆயினும், இன்பமும் துன்பமும் கலந்ததே வாழ்க்கை. 1937ஆம் ஆண்டில் இவரை இளம்பிள்ளை வாதம் பற்றியது. அந்நோயைத் தடுக்கும் மருந்து அக்காலத்தில் இல்லை. 1955ஆம் ஆண்டிலேதான் அது மக்களுக்குக் கிட்டியது. காற்றிற் சுழன்று களித்த உடல் தளர்ந்தது. எனினும் அம்மையாரின் உள்ளம் தளரவில்லை. உலகப் புகழ் பெற்ற அவ்வீராங்கனை, நீச்சலறியாத குழந்தைபோல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி நீந்தக் கற்றுக்கொண்டார்.

1940ஆம் ஆண்டில் நுரையீரற் காய்ச்சல் கண்டு, தம் இருபத்தெட்டாம் வயதில் உலக வாழ்வை நீத்தார். 1966ஆம் ஆண்டு, பன்னாட்டு நீச்சற் புகழ்மண்டபம் இவர் பெயரைத் தன் ஏட்டிற் பொறித்துப் பெருமைப்படுத்தியது.

வெற்றி பெறுங்கால் பலரும் ஊக்கம் உடையவராகவே காணப்படுவர். அனைத்தையும் இழந்த நாளிலும் ஊக்கம் குன்றாதிருத்தலே உண்மையான வீரம். கோல்மன் அம்மையார் பெற்ற பதக்கங்களினும், நோயுற்ற பின் அவர் மீண்டும் நீரில் இறங்கிய துணிவே நாம் போற்றிக் கைக்கொள்ளத் தக்கது.