மறதிக்குப் பின்னால் இருந்த நோயைக் கண்டவர்



இந்த இதழில் நான் எழுத எடுத்துக்கொண்டவர் அலாய்ஸ் அல்சைமர். அல்சைமர் என்றால் மறதி நோய் என்று நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனால் அது ஒரு டாக்டரோட பெயர்.

அவர் 14.6.1864 அன்று ஜெர்மனியில் பவேரியா பகுதியிலுள்ள மார்க்ட்பிரைட் என்ற சிறிய ஊரில் பிறந்தார். 1887-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த வருஷமே பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பிரான்ஸ் நிஸ்ல் என்ற டாக்டர் அவருக்கு நெருங்கிய நண்பரானார். மூளையை மெல்லிய துண்டாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில் நிஸ்ல் கெட்டிக்காரர். இருவரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள்.

1901-ல் அல்சைமரின் மனைவி இறந்துபோனார். 3 குழந்தைகள். அந்தத் துக்கத்திலும் அவர் வேலையை விடவில்லை. அதே வருஷம் நவம்பர் மாதம் அகஸ்தே என்ற பெண்ணை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வயது 51 தான். அல்சைமர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொன்னாராம். காலிஃபிளவரும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டே, கீரை சாப்பிடுகிறேன் என்றாராம். பெயரை எழுதச் சொன்னால் பாதியிலேயே மறந்துவிடுவாராம். அல்சைமர் எல்லாவற்றையும் அப்படியே எழுதி வைத்தார்.

பிறகு அவர் மியூனிக் நகருக்குப் போய்விட்டார். ஆனாலும் அகஸ்தேயை மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அகஸ்தே இறந்ததும் அவருடைய மூளையை வரவழைத்துச் சோதித்தார். மூளை சுருங்கியிருந்தது. வெள்ளி உப்பால் சாயம் ஏற்றிப் பார்த்தபோது நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. செல்லுக்குள்ளே தறியில் நூல் சிக்கு விழுந்த மாதிரி இழைகள் முறுக்கிக் கிடந்தன.

அதே வருஷம் நவம்பரில் டூபிங்கன் நகரில் டாக்டர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னார். யாரும் ஒரு கேள்விகூட கேட்கவில்லை. ஆனால் 1910-ல் கிரேப்லின் என்ற பெரிய டாக்டர் தன் பாடப் புத்தகத்தில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார். 19.12.1915 அன்று அல்சைமர் காலமானார். அவருக்கும் அப்போது வயது 51. தொலைந்துபோயிருந்த அகஸ்தேயின் கோப்பு 1995-ல் பிராங்க்ஃபர்ட்டில் கிடைத்தது. அவர் கையால் எழுதிய கேள்வியும் பதிலும் அதில் அப்படியே இருந்தன.

வயதானவர்களுக்கு வரும் கடுமையான மறதிக்கும் பெரும்பாலும் இந்த நோய்தான் காரணம் என்று பிற்காலத்தில் தெரிந்தது. புதிய விஷயத்தைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியைத்தான் இது முதலில் தாக்கும். அதனால்தான் சின்ன வயதில் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்த கதையை விடாமல் சொல்லும் பாட்டி, காலையில் சாப்பிட்ட இட்லியை மறந்துவிடுகிறார். மருமகள் சோறே போடலைன்னு பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார். வீட்டில் பெரிய சண்டையாகிவிடும். அவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. அவருக்கு அது உண்மையிலேயே ஞாபகம் இல்லை. மருமகள் மேலும் தப்பு இல்லை.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இதை முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் சத்துக்குறைவு, தைராய்டு போன்றவற்றாலும் மறதி வரும். அதைச் சரி செய்யலாம். அதனால் வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுவிடக் கூடாது. திருநகரிலிருந்து பஸ் ஏறினால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. அங்கே நரம்பியல் பிரிவில் காட்டலாம்.

நாம் செய்யக்கூடியதும் இருக்கு. தாத்தா பாட்டி சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வீட்டு விலாசமும் போன் நம்பரும் எழுதிய சீட்டு வைப்போம். ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்டாலும் பத்து தடவையும் பதில் சொல்வோம். கேலி செய்து சிரிக்க வேண்டாம்.

எனக்கு அல்சைமரிடம் ரொம்பப் பிடித்தது அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது மட்டும் இல்லை. மற்றவர்கள் உளறல் என்று நினைத்ததை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அதற்கு டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை. நாமும் செய்யலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி