பிரிஸ்கில்லாள்

புதிய ஏற்பாட்டில் பிரிஸ்கில்லாளின் பெயர் ஆறு இடங்களில் மட்டுமே வருகிறது. ஓரிடத்திலேனும் அவர் தனித்து வருவதில்லை. கணவர் ஆக்கில்லா கூடவே நிற்கிறார். ஆயினும் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த ஆறில் நான்கு இடங்களில் மனைவியின் பெயரே முதலில் எழுதப்பட்டிருக்கிறது. அக்கால வழக்கத்துக்கு இது புதுமை.

ஆக்கில்லா கருங்கடற் கரையிலுள்ள பொந்து தேசத்து யூதர். தம்பதியர் ரோமாபுரியில் வாழ்ந்துவந்தார்கள். கி.பி. 49 அளவில் கிலவுதியு இராயன் யூதரை நகரைவிட்டு வெளியேறும்படி கட்டளையிட்டான். வீட்டை விட்டுப் புறப்படுவது எப்படிப்பட்டதென்று எம்மிற் பலருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அவர்கள் கொரிந்துவுக்கு வந்து, தங்கள் கைத்தொழிலாகிய கூடாரம் செய்தலைத் தொடர்ந்தார்கள். அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களுடன் தங்கி வேலை செய்தார். அவர் கொரிந்துவில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தார். பின்னர் மூவரும் கப்பலேறி எபேசுவுக்குப் போனார்கள். பவுல் இவர்களை அங்கே விட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்.

அப்பொழுதுதான் அப்பொல்லோ வந்தார். அலெக்சந்திரியாவிற் பிறந்தவர், பேச்சில் வல்லவர், வேதவாக்கியங்களைக் கரைத்துக் குடித்தவர். எபேசுவின் ஜெப ஆலயத்தில் துணிவுடன் பேசினார். இயேசுவைப்பற்றி அவர் கூறியவை சரியானவையே. ஆனால் ஞானஸ்நானத்தைப் பொறுத்தவரை யோவான் கொடுத்ததோடு அவருடைய அறிவு நின்றுவிட்டது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இந்தக் கூடாரத் தொழிலாளர் இருவரும் இருந்தார்கள். குறை எங்கே என்று அவர்களுக்குப் புரிந்தது. சபை நடுவே எழுந்து மறுத்துப் பேசியிருக்கலாம். வீட்டுக்குப் போய் அயலாரிடம் குறை சொல்லியிருக்கலாம். இது எல்லா ஊர்ச் சபைகளிலும் நடப்பதுதான். ஊரார் மெச்சும் ஒருவருக்கு நாம் யார் சொல்ல என்று பேசாதிருந்திருக்கலாம். இம்மூன்றையும் அவர்கள் செய்யவில்லை. அவர் பேசுவதைக் கேட்டார்கள், தங்களிடம் சேர்த்துக்கொண்டார்கள், தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் எடுத்து விளக்கினார்கள். எங்கள் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் ஆக்கில்லாவின் பெயர் முந்துகிறது. பழைய பிரதிகளிலோ பிரிஸ்கில்லாளே முந்துகிறார். விளக்கியதில் பெரும் பங்கு அவருடையதே என்று நினைக்க எனக்குத் தடையில்லை.

இதே பவுல் அந்தியோகியாவில் பேதுருவை எல்லார் முன்பாகவும் கண்டித்ததையும் நாம் அறிவோம். பேதுருவோ உண்மையை அறிந்திருந்தும் பயத்தினால் புறசாதியாரின் பந்தியைவிட்டு விலகினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். அப்பொல்லோவிடம் இருந்தது அறியாமை மட்டுமே. அறியாதவரை அவமானப்படுத்தினால் அவர் கற்கமாட்டார். ஆசிரியைகளாயிருந்த எம்மவர் பலருக்கு இது வகுப்பறையிலேயே தெரிந்திருக்கும்.

அப்பொல்லோவும் பெரிய மனத்தினர். இல்லாவிட்டால் கைத்தொழில் செய்யும் ஒரு பெண்ணிடம் பாடம் கேட்டிருப்பாரா? அவர் அகாயா நாட்டுக்குப் போக விரும்பியபோது, அவரை ஏற்றுக்கொள்ளும்படி எபேசுவின் சகோதரர்கள் அங்குள்ள சீஷர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அவருடைய பழைய குறையைக் காவிக்கொண்டு எவரும் பின்னாலே போகவில்லை. கொரிந்துவிலே அவர் விசுவாசிகளுக்கு மிகவும் உதவினார்.

பிற்பாடு அங்கே பவுலின் கட்சி, அப்பொல்லோவின் கட்சி என்று பிளவு உண்டாயிற்று. அதைக் கண்டித்துப் பவுல் எபேசுவிலிருந்து எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், அப்பொல்லோவை மறுபடியும் கொரிந்துவுக்குப் போகும்படி தாம் வருந்திக் கேட்டதாகச் சொல்கிறார். அதே அதிகாரத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள், அவர்கள் வீட்டிற் கூடும் சபை ஆகியோரின் வாழ்த்துதலும் உண்டு. கொரிந்தார் கட்சி பிரிந்துநிற்க, யாருடைய பெயரால் பிரிந்தார்களோ அவர்களிடையே மனக்கசப்பு இருக்கவில்லை.

பிரிஸ்கில்லாளும் கணவரும் பின்னர் ரோமாபுரிக்குத் திரும்பினார்கள். அங்கும் அவர்கள் வீட்டில் ஒரு சபை கூடியது. தமது உயிருக்காக அவர்கள் தங்கள் கழுத்தையே கொடுக்கத் துணிந்ததைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் நன்றியுடன் குறிப்பிடுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவிலும் அவர்களுக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்புகிறார். அங்கும் மனைவியின் பெயரே முதலில் இருக்கிறது.