17 முறை கருவுற்ற அரசி

கருச்சிதைவு தொடர்ந்து நேரும் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, குறை யாருடையது என்பதே. பழி பெரும்பாலும் பெண்ணின் மீதே விழுகிறது. இங்கிலாந்தின் அரியணையில் அமர்ந்த ஒரு பெண்ணும் இதற்கு விலக்கல்லர். ஆன் அரசியின் வாழ்க்கையை, நான் வாழும் தேனி மாவட்டத்தை மனத்தில் கொண்டு இங்கு நினைவுகூர்கிறேன்.

1665-இல் லண்டனில் பிறந்த ஆன், 1683-இல் டென்மார்க் இளவரசர் ஜார்ஜை மணந்தார். மறு ஆண்டு, முதல் குழந்தை இறந்தே பிறந்தது. அடுத்துப் பிறந்த இரு பெண் குழந்தைகளையும் 1687-இல் சில நாள்களுக்குள் பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். பின்னர் ஒரு குழந்தை இரண்டு மணி நேரமும், மற்றொன்று சில நிமிடங்களுமே உயிர் வாழ்ந்தன. 1700 வரை 17 முறை கருவுற்ற அவருக்கு, ஏறத்தாழ 12 முறை கரு கலைந்தது. அல்லது குழந்தை இறந்து பிறந்தது. 1689-இல் பிறந்த வில்லியம் மட்டும் பிழைத்தான். அவனும் 11 வயது நிறைந்த சில நாள்களில் இறந்தான்.

1688 புரட்சியில் தந்தை இரண்டாம் ஜேம்ஸை ஆன் கைவிட்டதற்குக் கடவுள் அளித்த தண்டனை இது என்று எதிரணியினர் தூற்றினர். முதல் குழந்தையை அவர் இழந்ததோ அதற்கு 4 ஆண்டுகள் முன்பு!

1702-இல் முடிசூடியபோது, மூட்டுவலியால் நடக்க இயலாத அவரை நாற்காலியில் சுமந்து சென்றனர். 1714-இல் 49 வயதில் அவர் மறைந்தார். வாரிசு இல்லாததால் மகுடம் ஜெர்மனியின் ஹனோவர் குடும்பத்துக்குச் சென்றது.

வாரிசின்மையின் விலையை நம் மண்ணும் அறியும். வில்லியம் பிறந்த அதே 1689-இல், கம்பம் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய மதுரை நாட்டில், மகனை இழந்த ராணி மங்கம்மாள் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பேற்றார். அப்பேரன் விஜயரங்க சொக்கநாதர் 1732-இல் பிள்ளையின்றி மறைந்தார். சில ஆண்டுகளில் நாயக்கர் ஆட்சியே முடிந்தது.

ஆனின் மூட்டுவலி, சிவந்த முகம், தொடர் இழப்புகள் ஆகியவற்றை ஆராய்ந்த பிற்கால மருத்துவர்கள் சிலர், அவருக்கு லூபஸ் நோயும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் குறைபாடும் இருந்திருக்கலாம் எனக் கருதுகின்றனர். வேறு விளக்கங்களும் உண்டு. எதையும் இனி மெய்ப்பிக்க இயலாது.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், இக்குறைபாட்டில் சொந்த உடலையே தாக்குகின்றன. நஞ்சுக்கொடியில் ரத்தம் உறையலாம்; அழற்சி உண்டாகலாம்; நஞ்சுக்கொடியின் வளர்ச்சியும் தடைபடலாம். கருவுக்குச் சேர வேண்டிய ஊட்டம் குறைகிறது.

1983-இல் கிரகாம் ஹியூஸும் அவருடைய குழுவினரும் லண்டனில் இந்நோயைத் தெளிவாக விவரித்தனர். இன்று ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டறியலாம்; 12 வார இடைவெளியில் மீண்டும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். கருவுற்றதும் மருத்துவர் கண்காணிப்பில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் தரப்படுகின்றன. 1997-இல் வெளியான ஆய்வொன்றில், ஆஸ்பிரின் மட்டும் பெற்றோரில் 42 சதவீதத்தினரும், இரண்டும் பெற்றோரில் 71 சதவீதத்தினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர்.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் மலைமேல் உள்ள ஏலத் தோட்டங்களிலும் கூலிக்குச் செல்லும் பெண்கள் ஏராளம். கரு கலைந்தால், ஜீப்பில் மலையேறியதைச் சிலர் குறை கூறுவர். பப்பாளி தின்றதைச் சிலர் கூறுவர். ஜாதகம் பார்த்து குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்கு அனுப்புவர். மூன்றாம் முறையும் கலைந்தால், மகனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு எழுவதையும் கேட்டிருக்கிறேன். வேண்டுதலைக் குறைகூறுவது என் நோக்கமன்று. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொள்ளும் குடும்பம், மருத்துவரிடமும் செல்லட்டும்.

எல்லா இழப்புகளுக்கும் இதுவே காரணமன்று. தொடர் கருச்சிதைவுக்கு ஆளான பெண்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரிடம்தான் இந்த எதிர்ப்பொருள்கள் காணப்படுகின்றன. குரோமோசோம் கோளாறு, கருப்பை அமைப்பு, தைராய்டு, நீரிழிவு ஆகியவையும் காரணங்களே. குரோமோசோம் கோளாறு தந்தை வழியாகவும் வரக்கூடும்.

ஆன் அரசிக்கு வாய்த்த அரண்மனை வைத்தியர்களிடம் இந்தப் பரிசோதனை இல்லை, நம்மிடம் இருக்கிறது. தொடர்ந்து கருவிழக்கும் பெண்களுக்கு அரசு மருத்துவமனைகள் இதைத் தவறாமல் பரிந்துரைக்க வேண்டும். வேறு பெண் பார்க்கும் பேச்சை எடுக்கும் முன், குடும்பங்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.