காணா அலையைக் காட்டியவர்

நுழையும்முன்

போர் விமானம் ஒன்று கடலுக்கு மேலே தாழ்வாக விரைகிறது. திடீரென அதன் உடலைச் சுற்றி வெண்முகிற் குடையொன்று விரிந்து, மறுகணமே கலைகிறது. விமானம் ஒலியின் வேகத்தைக் கடந்த கணம் அதுவே என்று பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் சரிதானா? விமானங்கள் தோன்றுவதற்கு முன்பே, பறக்கும் குண்டைச் சுற்றிக் காற்று என்ன ஆகிறது என்பதைப் படமெடுத்துக் காட்டிய எர்ன்ஸ்ட் மாக்கின் வாழ்வு, இவ்வினாவை அணுகும் முறையைக் கற்றுத்தருகிறது.

தச்சுப் பட்டறையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

எர்ன்ஸ்ட் மாக், 1838 பிப்ரவரி 18 அன்று ஆஸ்திரியப் பேரரசின் மொராவியாப் பகுதியில், ப்ர்னோ நகருக்கு அருகே பிறந்தார். அப்பகுதி இன்று செக் குடியரசில் உள்ளது. துறவியர் நடத்திய பள்ளியில் சேர்ந்த அச்சிறுவனை, கல்விக்கு ஏற்றவன் அல்லன் என்று ஆசிரியர்கள் கருதினர். கற்றறிந்தவரான தந்தை மகனை வீட்டிற்கு அழைத்துவந்து தாமே பாடம் கற்பித்தார். பாடத்தோடு வயல்வேலையும் இருந்தது. இதற்கிடையே மாக், தச்சர் ஒருவரிடம் சென்று தொழிலும் பழகினார். மரத்தை அளந்து, அறுத்து, பொருத்தப் பழகிய கைகள் பிற்காலத்தில் ஆய்வுக்கருவிகளை அமைக்கத் தடுமாறவில்லை.

பதினைந்து வயதில் மீண்டும் பள்ளியில் சேர்ந்த அவர், 1855இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். 1860இல் முனைவர் பட்டம் பெற்றார். ஒலி எழுப்பும் பொருள் நம்மை நெருங்கும்போது சுருதி உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கும் என்னும் டாப்ளரின் கருத்து அக்காலத்தில் கடும் விவாதத்திற்கு உள்ளாகியிருந்தது. பிறர் கணக்கீடுகளால் வாதிட்டபோது, இளைஞர் மாக் ஒரு கருவியைச் செய்தார். நீண்ட குழாயின் முனையில் ஊதலைப் பொருத்தி, அக்குழாயைச் சுழலச் செய்தார். சுழலும் தளத்தில் நின்று கேட்டவருக்குச் சுருதி ஏறியிறங்கியது. அச்சின் நேரே நின்று கேட்டவருக்கு மாறவேயில்லை. விவாதத்திற்குச் செவியே விடை கூறியது. புலன்களால் உணரத்தக்கதைக் கொண்டே இயற்கையை அறிய வேண்டும் என்னும் உறுதி, அவர் வாழ்நாள் முழுவதும் உடன்வந்தது.

1864இல் கிராட்ஸ் நகரில் கணிதப் பேராசிரியரான மாக், 1867இல் பிராகா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். அங்கு அவர் பணியாற்றியது 28 ஆண்டுகள். அவருடைய பெயரை உலகறியச் செய்த ஆய்வு அக்காலத்திலேயே நிகழ்ந்தது.

குண்டின் முன்னே செல்வது யாது?

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரெஞ்சு வீரர்களின் புதிய துப்பாக்கிகளால் ஏற்பட்ட காயங்கள் பெரும்பள்ளங்களாக இருந்தன. பன்னாட்டு உடன்பாட்டால் தடைசெய்யப்பட்ட வெடிகுண்டுகளை அவர்கள் பயன்படுத்துகின்றனரோ என்னும் ஐயம் எழுந்தது. பெல்ஜிய அறிஞர் மெல்சன்ஸ் வேறொரு விளக்கம் அளித்தார். விரையும் குண்டு தன் முன்னுள்ள காற்றை அழுத்தித் தள்ளிச் செல்கிறது. அக்காற்றே சதையைச் சிதைக்கிறது என்பது அவர் கருத்து. 1881இல் பாரிசில் அதனைக் கேட்ட மாக்கின் உள்ளத்தில், அக்காற்றைக் கண்ணால் காண இயலுமா என்னும் வினா எழுந்தது.

காற்று நிறமற்றது, குண்டோ கண்ணிமைக்கும் முன்னே மறைவது. இவ்விரண்டு தடைகளையும் வெல்ல வேண்டியிருந்தது. முதல் தடைக்கு, ஆகஸ்ட் டெப்ளர் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்த ஒளியியல் முறை உதவியது. அடர்த்தி மாறுபட்ட காற்றின் வழியே செல்லும் ஒளி சற்றே வளைகிறது. நேராக வரும் ஒளியைக் கூரிய விளிம்பால் மறைத்து, வளைந்த ஒளியைப் பிரித்தெடுத்தால், காற்றின் அடர்த்தி வேறுபாடு வெளிச்சமாகவும் நிழலாகவும் தெரியும். இரண்டாம் தடைக்கு மின்பொறி உதவியது. குண்டு தன் பாதையிலுள்ள மின்கம்பிகளைத் தொட்டதும் சுற்று நிறைவுற்று, லேடன் சாடியில் சேமித்த மின்னூட்டம் பொறியாகப் பாயும். அப்பொறியின் ஒளி நொடியில் மிகச் சிறு பகுதியே நீடிப்பதால், பறக்கும் குண்டு படத்தில் அசையாது நிற்கும்.

பிராகாவில் நடந்த தொடக்க முயற்சிகளில் குண்டின் படம் பதிந்தது. ஆனால், எதிர்பார்த்த அலை பதியவில்லை. முறை தவறென்று மாக் அதனைக் கைவிடவில்லை. அக்குண்டுகள் ஒலியைவிட மெதுவாகச் சென்றதே காரணம் என்று உணர்ந்தார். கடற்படைக் கல்விக்கூடம் அமைந்திருந்த ஃபியூமே துறைமுகத்தில் பேராசிரியராக இருந்த பீட்டர் சால்ஹரை மடல்வழியே நாடினார். அந்நகர் இன்று குரோவேஷியாவில் ரியேகா என வழங்குகிறது. 1886இல் சால்ஹர், விரைவுமிக்க குண்டுகளைக் கொண்டு அங்கு ஆய்வை நிகழ்த்தினார். மிகச் சிறிய அப்படங்களில் குண்டின் முன்னே வளைந்ததொரு கோடு தெளிவாகத் தெரிந்தது. ஓடும் படகின் முன்புறம் நீர் இருபுறமும் விரிவதுபோல அது பின்னோக்கிச் சாய்ந்து விரிந்தது. 1887இல் இருவரும் இம்முடிவை வியன்னா அறிவியல் கழகத்தில் வெளியிட்டனர்.

ஒலியைவிட விரைந்து செல்லும் பொருளின் வருகையை அதன் முன்னுள்ள காற்று முன்னரே அறிய வழியில்லை. விலகிக்கொள்ள நேரமின்றி நெருக்குண்ட காற்றில் அழுத்தமும் அடர்த்தியும் திடீரென உயர்கின்றன. அவ்வெல்லையே அதிர்ச்சி அலை. வேகம் கூடக்கூட அலையின் கூம்பு குறுகும். ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் செல்லும் பொருளின் கூம்பு, அதன் பாதையோடு 30 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கும். விரைவுமிக்க துப்பாக்கியைச் சுடும்போது இரண்டு வெடியோசைகள் கேட்பதன் காரணமும் இதனால் விளங்கியது. ஒன்று துப்பாக்கி முனையில் எழுவது. மற்றொன்று குண்டோடு வரும் அலையினது.

ஏற்க மறுத்த அணு

காணாததைக் காட்டிய மாக், காண இயலாததை நம்ப மறுத்தவரும் ஆவார். அணுக்கள் உண்மையில் உள்ளன என்பதை அவர் நெடுங்காலம் ஏற்கவில்லை. அணு என்பது கணக்கிடுவதற்கு உதவும் கற்பனைத் துணையே என்பது அவர் நிலைப்பாடு. 1895இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் அறிவியலின் வரலாறும் மெய்யியலும் கற்பிக்கும் பேராசிரியராக அமர்ந்தபின், அணுக்கொள்கையின் பெரும் ஆதரவாளரான போல்ட்ஸ்மனோடு அவருடைய கருத்து முரண்பட்டது. பின்னர் நுண்துகள்களின் ஓயாத அசைவைக் குறித்து ஐன்ஸ்டைன் 1905இல் தந்த விளக்கமும், அதனை உறுதிசெய்த பெரினின் ஆய்வுகளும் அணுக்கொள்கையை நிலைநாட்டின.

இதில் ஆழ்ந்த முரண் ஒன்று உண்டு. மாக் படமெடுத்த அலைக்கு அடிப்படையாக அமைவது காற்று மூலக்கூறுகளின் மோதலே. ஒரு மூலக்கூறு அடுத்ததை மோதி மோதியே ஒலி பரவுகிறது. அந்த மோதல்கள் செய்தியைக் கொண்டுசெல்லும் விரைவைப் பொருளொன்று விஞ்சும்போதே அதிர்ச்சி அலை பிறக்கிறது. அலையைக் கண்ட கண்கள், அதனை ஆக்கிய துகள்களை ஐயுற்றன. எனினும் அதே ஐயமே, நியூட்டனின் தனிமுதல் வெளி என்னும் கருத்தையும் சான்று கேட்டு ஆராய அவரைத் தூண்டியது. அவ்வாராய்ச்சி அடங்கிய அவரது இயக்கவியல் நூல் 1883இல் வெளிவந்தது. இளம் ஐன்ஸ்டைனின் சிந்தனையை அது பெரிதும் தூண்டியது. ஒரே பண்பு ஓரிடத்தில் வழி திறந்தது. வேறோரிடத்தில் வழி மறித்தது.

1898இல் பக்கவாதம் தாக்கி அவருடைய உடலின் வலப்பகுதி செயலிழந்தது. ஆயினும் இடக்கையால் தட்டச்சு செய்து எழுதுவதைத் தொடர்ந்தார். 1901இல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். இறுதிக்காலத்தில் மியூனிக் அருகே மகன் லுட்விக்கின் இல்லத்தில் வாழ்ந்து, 1916 பிப்ரவரி 19 அன்று, 78ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், மறைந்தார்.

வானில் நிலைத்த பெயர்

ஒலியின் வேகம் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அது நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். குளிர்ந்த மேல்வானில் அதனினும் குறைவு. எனவே, விமானம் செல்லும் வேகத்தை அவ்விடத்தின் ஒலி வேகத்தால் வகுத்துக் கூறுவதே பொருத்தம். அந்த ஈவிற்குச் சுவிட்சர்லாந்தின் யாக்கோப் ஆக்கெரெட் 1929இல் மாக் எண் என்று பெயரிட்டார். 1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் ஓட்டிய எக்ஸ்-1 விமானம் மாக் 1.06ஐ எட்டியது. ஒலியை விஞ்சிய வேகத்தில் நிலைகுலையாமல் பறக்கும் துப்பாக்கிக் குண்டின் வடிவையே அதன் உடற்பகுதி கொண்டிருந்தது.

இனி வெண்முகிற் குடைக்கு வருவோம். ஒலியின் வேகத்தை நெருங்கும் விமானத்தின் இறக்கை போன்ற வளைவுகளின் மீது செல்லும் காற்று, விமானத்தைவிடவும் விரைவு பெறுகிறது. அங்கு அதன் அழுத்தம் சரிந்து வெப்பம் குறைகிறது. ஈரம் மிகுந்த காற்றாயின் அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக உறைந்து முகிலாகிறது. அழுத்தம் மீண்டும் உயரும் இடத்தில் துளிகள் ஆவியாகிவிடுவதால், முகிலின் பின்விளிம்பு வெட்டியதுபோல் முடிகிறது. அவ்விடத்தில் பெரும்பாலும் அதிர்ச்சி அலை நிற்கும். ஆனால் முகில் அந்த அலை அன்று. விமானம் ஒலியின் வேகத்தை எட்டாதபோதும் முகில் தோன்றும். வறண்ட காற்றில் அவ்வேகத்தைக் கடந்தாலும் தோன்றாமற் போகும்.

நீர்த்துளிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அதிர்ச்சி அலை பெரும்பாலும் தெரிவதில்லை. தெரிவதையே முழு உண்மையெனக் கொண்டால் பிழை நேரும்; தெரியாததை இல்லையெனக் கொண்டாலும் பிழை நேரும். முதற்பிழையைத் தவிர்க்கும் முறையை மாக்கின் ஆய்வுக்கூடம் கற்பித்தது. இரண்டாவதை அவருடைய வாழ்வு கற்பிக்கிறது.