ஸர் டி. எஸ். வெங்கட்ராமன்

பொங்கலன்று கரும்பைச் சுவைக்கும் நாம், அதன் குலத்தைத் திருத்திய பெரியாரை நினைப்பதில்லை. 1884-இல் பிறந்த ஸர் டி. எஸ். வெங்கட்ராமனே அவர்.

வடநாட்டுக் கரும்பு மெலிந்தது. பருத்த தென்னாட்டுக் கரும்போ அங்குள்ள குளிருக்கு ஆற்றாது. கரும்பு பூத்து விதை கொள்ளுதல் வடக்கே அரிது, கோயமுத்தூரில் எளிது. ஆதலின் 1912-இல் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அதில் பார்பர் துரையும், அவருக்குப்பின் வெங்கட்ராமனும் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து, மெல்லிய நாற்றுக்களை வளர்த்து, தகுதியற்றவற்றைக் களைந்தனர். அவ்வுழைப்பின் பயனாகிய கோ 205 என்னும் வகை 1918-இல் வெளிவந்து, பஞ்சாப் வயல்களில் நாட்டுக் கரும்பினும் மிக்க விளைவைத் தந்தது. கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும் கலந்து பார்த்த அப்பெரியார், 1963-இல் மறைந்தார்.

எனினும், நல்ல வகை ஆராய்ச்சி நிலையத்துள்ளேயே கிடப்பின் பயன் என்னை? அதனை வயலுக்கு உய்ப்பவர் நாற்று வளர்ப்போரே. நோயுற்ற கரணை ஒன்று நாற்றங்காலிற் புகின், செவ்வழுகல் பல வயல்களையும் கெடுக்கும். ஆகவே அவர்க்குத் துணை வேண்டும். நம் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் உளது. நல்ல கரணையைத் தேர்தலும், பருச்சீவல் நாற்றுக்களை நிழல்வலையின்கீழ் வளர்த்தலும் அத்தகைய நிலையத்து வல்லுநர் கற்பிக்கத்தக்கன. கற்றோர் நாற்றங்காலை நாடிச் செல்லுதலே, வெங்கட்ராமனுக்கு நாம் எழுப்பும் நினைவுச்சின்னமாகும்.